கிழக்கே விழுந்த நிழல்

அக்கா,

கையில் வார்னிஷ் வாசனை போகவே மாட்டேன் என்கிறது. சோப்புப் போட்டாயிற்று, சீயக்காய் போட்டுத் தேய்த்தாயிற்று, ம்ஹூம். "இன்னும் காயலீங்க மேடம், நாளைக்கு வந்து எடுத்துக்குங்க" என்றார் பிரேம் கடைக்காரர். நாளைக்கு எடுத்து என்ன செய்வது? படத்திறப்பு இன்றைக்கு. ஈரத்தோடேயே வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு, ஆட்டோவில் கோர்ட்டுக்குப் போனேன். வெள்ளைப் புடவையில் பழுப்பாக ஒரு கோடு விழுந்துவிட்டது. நீங்கள் இருந்திருந்தால் முதலில் அந்தக் கோட்டைத்தான் பார்த்திருப்பீர்கள்.

ஆமாம் அக்கா, உங்கள் பேரில் ஒரு படத்தை நம் சங்ககிரி பார் அசோசியேஷன் ஹாலில் மாட்டியாகிவிட்டது. பதறாதீர்கள். உங்கள் முகம் அதில் இல்லை. கொடுத்த வாக்கை நான் மீறவில்லை. முகம் இல்லாமல் எப்படி மாட்டினாய் என்று கேட்பீர்கள், அதைச் சொல்லத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் நடுவில் குறுக்கே பேச மாட்டீர்கள் என்பதே எனக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது. நான் தொடர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேச நீங்கள் என்றைக்கு விட்டிருக்கிறீர்கள்?

நம் அறிமுகமே சண்டைதானே. நீங்கள் இன்சூரன்ஸ் கம்பெனி பக்கத்து வக்கீல், நான் அடிபட்டவர்கள் பக்கத்து வக்கீல். ஹைவேயில் லாரி ஓடுகிற வரைக்கும் நம் இருவருக்கும் வேலை இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் அப்போது கவுன் கசங்காத புது வக்கீல். நீங்கள் பேர் எடுத்தவர். உங்கள் குறுக்கு விசாரணை என்றால் சாட்சிகள் காலையிலேயே சாப்பாடு இறங்காமல் வருவார்கள்.

எனக்கு வக்கீல் வேலையில் முழு மனசு கிடையாது, அது உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்திலிருந்தே கையில் பென்சில் இருந்தால் அது என் பேச்சைக் கேட்காது. "படம் போட்டாச் சோறு வருமா? பேசாம வக்கீலுக்குப் படி அம்மிணி" என்றார் அப்பா. படித்தேன். ஆனால் கோர்ட்டிலும் கை சும்மா இருக்கவில்லை. அன்றைய வழக்குப் பட்டியலின் பின்பக்கத்தில் நீதிபதியின் மூக்குக் கண்ணாடி, வாய்தாவுக்குக் காத்திருக்கும் பெரியவரின் விரல்கள், வராந்தாவில் தூங்கும் நாய் என்று கிறுக்கிக்கொண்டே இருப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கதை எழுதுவேன். சீனியர்கள் பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள். "கட்சிக்காரன் பாத்தான்னா கேஸ் கட்டைக் கையோட வாங்கிக்கிட்டு ஓடிருவான் அம்மிணி" என்று ஒருவர் சொன்னது இன்னும் காதில் கிடக்கிறது.

இந்தக் கிறுக்கு ஒருநாள் ஒரு வழக்குக்குள்ளேயே புகுந்துவிட்டது. மொபெட்டில் பால்கேன் கட்டிக்கொண்டு போன ஒரு மனிதரை விடிகாலையில் லாரி அடித்துப் போட்டுவிட்டது. அவர் மனைவிதான் என் கட்சிக்காரர். போலீஸ் வரைபடத்தைப் பார்த்தேன். ரோட்டுக்கு இரண்டு கோடு, லாரிக்கு ஒரு பெட்டி, செத்துப்போன மனிதருக்கு ஒரு பெருக்கல் குறி. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒரு மனிதன் செத்த இடத்தை இப்படியா வரைவது? நானே அந்த இடத்துக்குப் போய் வரைந்தேன். மை தொட்டு, தண்ணீர் கரைத்து, ரோட்டின் வளைவு, டீக்கடையின் ஓலை, எதிரே நின்ற கூன் விழுந்த புளியமரம், தரையில் நீளமாக விழுந்த அதன் நிழல், ஒன்று விடவில்லை. மூலையில் வடக்கு எது என்று அம்புக்குறி வேறு போட்டுத் தொலைத்தேன்.

அத்தோடு விட்டேனா! எதிர்த்தரப்புக்கு ஒரு நகல் கொடுக்க வேண்டும். ஜெராக்ஸ் எடுத்தால் நிழலின் சாம்பல் நிறம் அப்பிக்கொண்டு அசிங்கமாக வந்தது. மனசு கேட்கவில்லை. உங்களுக்கும் கையாலேயே இன்னொன்று வரைந்து கொடுத்தேன். சண்டைக்குப் போகிறவள் எதிராளியின் கத்தியைத் தானே சாணை பிடித்துக் கொடுத்த மாதிரி. உலகத்தில் எந்த வக்கீலும் செய்யாத காரியம்.

டீக்கடைக்காரர் சாட்சிக் கூண்டில் ஏறினார். நீங்கள் எழுந்தீர்கள். குரலில் அவ்வளவு மரியாதை.

"ஏனுங்க, இந்தப் படத்துல இருக்கிற எடம் தெரியுதுங்களா?"

"தெரியுதுங்க. எங்கடைக்கு எதுருலதானுங்க."

"சம்பவம் நடந்தப்ப எடம் இப்படியேதான் இருந்துதுங்களா?"

"அச்சு அசல் இப்படியேதானுங்க."

"அப்ப மணி என்ன இருக்குமுங்க?"

"பால் ஊத்தற நேரமுங்க. பொழுது அப்பத்தான் கெளம்பி மரத்து மேல அடிச்சுது."

"பொழுது எந்தப் பக்கமுங்க கெளம்பும்?"

"இதென்ன கேள்விங்க, கெழக்கதானுங்க."

"அப்புறம் ஏனுங்க புளியமரத்து நெழலும் கெழக்காலயே விழுந்து கெடக்குது?"

கோர்ட்டே சிரித்தது. டீக்கடைக்காரர் படத்தைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், கூரையைப் பார்க்கிறார். காலை வெயிலில் நிழல் மேற்கே அல்லவா விழ வேண்டும்? நான் கோர்ட் முடிந்து சாயங்காலம் போய் உட்கார்ந்து கண்ணால் கண்டதை அப்படியே வரைந்திருந்தேன். நீதிபதி வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, "யாரு வரைஞ்சது?" என்று கேட்டார். நான் எழுந்து நின்றேன். கதவோரம் நின்றிருந்த என் கட்சிக்காரப் பெண்மணிக்கு எல்லோரும் ஏன் சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. இனி ஜென்மத்துக்கும் பென்சிலைத் தொடுவதில்லை என்று அங்கேயே, அந்த நொடியே முடிவு செய்துவிட்டேன்.

படம் தோற்றது, வழக்கு தோற்கவில்லை. படத்தைத் தள்ளிவைத்துவிட்டு மற்ற சாட்சியங்களே போதும் என்று நீதிபதி அந்தப் பெண்மணிக்குச் சாதகமாகத்தான் தீர்ப்புச் சொன்னார். ஆனால் அது பிறகு. அன்றைக்கு மத்தியானம் எனக்கு அதெல்லாம் தெரியாது. பெண் வக்கீல்களுக்கென்று விட்டிருந்த அந்தப் பொந்து மாதிரி அறையில், சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். நீங்கள் உள்ளே வந்தீர்கள். கையில் அந்தப் படம். இன்னும் என்ன குத்திக்காட்டப் போகிறாரோ என்று நினைத்தேன்.

"அந்த வழியாத்தான் நா தெனமும் வாரேன்" என்றீர்கள். "அந்த மரத்துக்கு இப்படியொரு கூன் இருக்குதுன்னு இன்னைக்கு, இதுலதான் பாத்தேன் சாமி."

நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்து என் பாத்திரத்தை நீங்களே திறந்தீர்கள். "நெழலு தப்பு இல்லீங் கண்ணு. நீ போன நேரந்தான் தப்பு. எங்கத்தாவுக்கு, அதான் எங்கப்பாவுக்கு, லாரிப்பட்டறை. நெழலு எந்தப் பக்கம் போகும்னு தெரியாம லாரியை நிறுத்துனா, அடியில படுத்த டிரைவரு மத்தியானத்துல வெந்து போயிருவான். அதுல வளந்தவ நா, எங் கண்ணு அங்கதான் போகும்" என்றீர்கள். சொல்லிவிட்டு என் பருப்புச் சாதத்தில் பாதியைச் சாப்பிட்டுவிட்டு, உப்பு பத்தவில்லை என்று வேறு சொன்னீர்கள்.

அக்கா, அதற்கு முன்னும் பின்னும் என் படங்களைப் பாராட்டியவர்கள் எத்தனையோ பேர். "ஆகா, போட்டோ மாதிரியே இருக்குதுங்க" என்பார்கள், அடுத்த நொடி பார்வை செல்போனுக்குப் போய்விடும். என் படத்தை இண்டு இடுக்கு விடாமல் பார்த்த முதல் ஆள் நீங்கள்தான். அதுவும் என்னைத் தோற்கடிப்பதற்காகப் பார்த்தீர்கள். எப்படிப் பார்த்தால் என்ன, பார்த்தீர்களே. வீட்டுக்குப் போனதும் பென்சிலை எடுத்துச் சீவினேன். அன்றைக்கு நீங்கள் அந்த அறைக்குள் வராமல் போயிருந்தால் என் கதை அங்கேயே முடிந்திருக்கும், இது சத்தியம்.

அந்தப் படத்தை நீங்கள் உங்கள் வீட்டு முன்னறை ஆபீஸில் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டீர்கள். குறுக்கு விசாரணைக்காக நீங்கள் சிவப்புப் பென்சிலால் நிழலைச் சுற்றிப் போட்ட வட்டத்தோடு. வருகிற கட்சிக்காரர்களுக்கெல்லாம் கதை சொல்லிச் சிரிப்பீர்கள். நான் இருக்கும்போதே சொல்வீர்கள். "இந்தம்மா வரைஞ்சதுதானுங்க. இப்ப வெவரமாயிட்டாங்க." எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் எத்தனை ஃபைல் வந்தாலும் அந்தப் படத்தின் மேல் ஒன்றையும் வைக்க மாட்டீர்கள், அதையும் நான் கவனித்திருக்கிறேன்.

சாட்சிகளிடம் நீங்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டே, "நீங்க நேர்ல பாத்தீங்களா?" அதை என் கதைகள் மேலும் ஏவிவிட்டீர்கள். கெங்கவல்லிச் சந்தையில் கீரை விற்கும் ஒருத்தியைப் பற்றி ஒரு கதை எழுதி ஆசையோடு கொண்டுவந்தேன். படித்தீர்கள். "கெங்கவல்லிக்கு நீ போயிருக்கியா?" "இல்லீங்க்கா." "அப்ப இது கேள்விப்பட்ட சாட்சி. செல்லாது." அத்தோடு விட்டால் நீங்கள் இல்லையே. அடுத்த சந்தைக்கு என்னை பஸ்ஸில் இழுத்துக்கொண்டு போனீர்கள். வெயிலில் ஒரு கீரைக்காரம்மா பக்கத்தில் சாக்குமேல் உட்காரவைத்தீர்கள். அந்த அம்மா வாயைத் திறந்ததுமே எனக்குக் காது சிவந்துவிட்டது. அங்கே பேச்சே வேறு. என் கதையில் அவர் 'ஏனுங்க, வாங்க' என்று நம் திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பேச்சைப் பேசிக்கொண்டிருந்தார். நீங்கள் பாட்டுக்குக் கறிவேப்பிலை பேரம் பேசிக்கொண்டிருந்தீர்கள். அந்தக் கதையைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன். என் கதைகளில் முதன்முதலாகப் பத்திரிகையில் வந்தது அதுதான்.

உங்களைப் புகழ்ந்தே எழுதினால் நீங்களே நம்ப மாட்டீர்கள். சேலத்தில் என் படங்களைக் காட்சிக்கு வைத்தேனே, அன்றைக்கு நீங்கள் செய்ததை மறக்க முடியுமா? ஊரிலிருந்து சொந்தக்காரர்கள், எனக்குப் பிடித்த ஓவியர்கள், எல்லோரும் இருக்கிறார்கள். நீங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, விபத்து நடந்த இடத்தைப் பார்வையிட வந்தவர் மாதிரி ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே வந்தீர்கள். நான் உசிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். பால் கறக்கும் படத்துக்கு முன்னால் நின்று, ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி, "மாடு இப்படி நின்னா பால் கறக்க முடியாது சாமி, ஒரே ஒதையில செவுத்துல ஒட்டிக்குவ" என்றீர்கள். சுற்றிலும் கொல்லென்ற சிரிப்பு. எவ்வளவு திமிர் உங்களுக்கு! எத்தனையோ நாள் உங்களிடம் பேசவில்லை. கோர்ட்டில் "கனம் எதிர்த்தரப்பு வக்கீல்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அந்த அறைக்குள் தட்டுவடை செட் பொட்டலத்தோடு வந்து, என் முன்னால் பிரித்துவைத்து, "மத்த படமெல்லாம் நல்லா இருந்துது. அதை யாரு வேணாலும் சொல்லுவாங்க. மாட்டை யாரு சொல்லுவா?" என்றீர்கள். தட்டுவடைக்கு நடுவில் வைத்த பீட்ரூட் துருவல் சிந்தச் சிந்தத் தின்று முடித்தேன். அப்புறம் மாட்டைத் திருத்தினேன். நீங்கள் சொன்னதுதான் சரி.

முகம் வேண்டாம் என்று நீங்கள் சொன்னது சங்ககிரி மலையில். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோட்டை மதிலை வரைய உங்களையும் கூட்டிக்கொண்டு ஏறினேன். ஏறும் வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தீர்கள். மேலே ஒரு பாறையில் உட்கார்ந்து முக்காட்டைச் சரிசெய்துவிட்டு, கீழே ஹைவேயில் போகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டு முறுக்குத் தின்றீர்கள். காற்றில் முக்காடு படபடக்க, அப்படி ஒரு முகம். நான் மதிலை விட்டுவிட்டு மெதுவாக உங்கள் பக்கம் தாளைத் திருப்பினேன். நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மூஞ்சியை விட்டுரு சாமி."

"ஏனுங்க்கா?"

"எங்கம்மா தொழுத ஊட்டுல ஆளுப் படம் மாட்டறதில்லை. அது ஒரு பக்கம். எனக்கே பிடிக்கலைங்கிறது இன்னொரு பக்கம். நா வக்கீலா வந்த புதுசுல கோர்ட்டுல அத்தனை பேரும் எம் மூஞ்சியைத்தான் பாத்தாங்க. பேசறதைக் கேக்க வெக்கறதுக்குள்ள பாதி வயசு போச்சு. செத்ததுக்கப்புறமும் மூஞ்சியையே பாக்கோணுமா? யாரு கேட்டாலும் குடுத்தராத." என் கையைப் பிடித்து, சரி என்று சொல்லவைத்துவிட்டுத்தான் விட்டீர்கள். மிச்ச முறுக்கை எனக்குக் கொடுத்தீர்கள்.

உடம்பு படுத்த பிறகும் உங்களை வந்து பார்த்தால் முதலில் கேட்பது "என்ன எழுதுன?" என்றுதான். கடைசியாக வந்தபோது என் கதைத் தொகுப்பின் பிரதி உங்கள் தலைமாட்டில் இருந்தது. ஊசி ஏறும் கையை அசைக்காமல் மறுகையால் பக்கத்தைப் புரட்டினீர்கள். "இதுல ஒருத்தி அழுவறாளே, வாயை மூடாம, மூக்கு சிவந்து. இதை நேர்ல பாத்தியா?"

"பாத்தேங்க்கா."

"எங்க?"

"எங்கூட்டுக் கண்ணாடியிலீங்க்கா. மொதல் தடவை உங்களை இப்படிப் பாத்துட்டுப் போயி."

"அப்பச் சரி" என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பினீர்கள். எனக்குக் கிடைத்த பெரிய பரிசு அந்த இரண்டு வார்த்தைதான் அக்கா.

நீங்கள் போன பிறகு கோர்ட்டில் இரங்கல் கூட்டம் நடந்தது. எல்லோரும் எழுந்து நின்றோம். வழக்கம்போல அசோசியேஷன் ஹாலில் படம் திறப்பது என்று பேச்சு வந்தது. செயலாளர் என்னிடம்தான் வந்தார். "நீங்கதான் நல்லா வரைவீங்களே மேடம், அக்காவைப் பெருசா ஒரு ஆயில் பெயிண்டிங் பண்ணிருங்க." நான் உங்கள் விருப்பத்தைச் சொன்னேன். அவர் நல்ல மனிதர்தான், தலையைச் சொறிந்தார். "அப்பப் படம் வேண்டாங்க. தீர்மானத்துல பேரை ஏத்திக்கலாம். அது போதும்."

அது போதுமா? எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம். அந்த ஹாலை நினைத்துப் பாருங்கள். நாலு சுவரிலும் ஆண்கள். தலைப்பாகை வைத்த மீசை, தலைப்பாகை இல்லாத மீசை, முறுக்கு மீசை, நரைத்த மீசை. அந்த மீசைகளுக்குக் கீழேதான் இப்போது பெண் பிள்ளைகள் கும்பலாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், அந்தப் பொந்து அறை அவர்களுக்குப் போதவில்லை. தீர்மானப் புத்தகத்தை எவள் எடுத்துப் பார்க்கப் போகிறாள்? நீங்கள் அந்தச் சுவரில் ஏறாவிட்டால், அங்கே பெண் ஒருத்தி வாதாடினாள் என்பதே இன்னும் கொஞ்ச காலத்தில் இல்லாமல் போய்விடும். ஏற்றவேண்டும் என்றால் முகம் வேண்டும் என்கிறார்கள். முகத்தைக் கொடுத்தால் மலைமேல் கொடுத்த வாக்கு போகும். "பிரேமுக்குச் சொல்லுங்க. மத்த படம் என்ன அளவோ அதே அளவு. உள்ள என்னங்கிறது எம்பாடு" என்று செயலாளரிடம் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உள்ளே எதை வைப்பது என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

உங்கள் மகளிடம் கேட்டேன். "அம்மா சொன்னது சொன்னதுதானுங்க சின்னம்மா. ஆனா அம்மா பேரு அங்க வரோணும்னு எனக்கும் ஆசைதான்" என்றாள். என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து நான் வரையாதது பாக்கியில்லை. உங்கள் நாற்காலியை வரைந்தேன், நாற்காலிக் கடை விளம்பரம் மாதிரி இருந்தது. மாட்டிய கவுனை வரைந்தேன், பார்க்கவே பயமாக இருந்தது. உங்கள் கையை நினைவிலிருந்து வரைந்தேன், அது யார் கையோ. முகம் மட்டும் கண்ணை மூடினால் அப்படியே வருகிறது, அதைத்தான் தொடக்கூடாது. ஆயுசு முழுக்கக் கற்ற கலை வேண்டிய நேரத்தில் இப்படிக் கைவிட்டதே என்று உட்கார்ந்து அழுதேன்.

கடைசியில் உங்கள் பாடம்தான், நேரில் போய்ப் பார்ப்போம் என்று ஒரு விடிகாலை அந்த டீக்கடை இடத்துக்குப் போனேன். இந்தத் தடவையாவது சரியான நேரத்துக்குப் போனேன். மரம் இல்லை அக்கா. ரோட்டை அகலப்படுத்தியபோது எடுத்துவிட்டார்களாம். டீக்கடையும் இல்லை. வெறும் ரோடும் வெயிலும்தான். நிழலே இல்லாமல் அங்கே நின்றபோதுதான் உறைத்தது, அந்த மரம் இன்றைக்கு இருப்பது ஒரே ஒரு இடத்தில், உங்கள் மேசைக் கண்ணாடிக்கு அடியில்.

நேரே உங்கள் வீட்டுக்குப் போனேன். கண்ணாடியை உங்கள் மகள் ஒரு பக்கம் தூக்க, நான் மெதுவாக உருவினேன். மை கொஞ்சம் மங்கியிருந்தது. உங்கள் சிவப்பு வட்டம் மட்டும் அப்படியே, நேற்றுப் போட்டது மாதிரி. நிழலைச் சுற்றி ஒரே இழுப்பில், கை நடுங்காமல். நான் நாற்காலி, கவுன் என்று எங்கெங்கோ தேடிக்கொண்டிருக்க, நீங்கள் முழுசாக அதில் இருந்தீர்கள். நான் எதைப் புதிதாக வரைவது? இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். "இதுதான் அம்மா" என்றாள் உங்கள் மகள்.

செயலாளர் படத்தைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏனுங்க மேடம், இதுல தப்பு உங்களுதாச்சே. அதை எதுக்குங்க செவுத்துல மாட்டிக்கறீங்க?"

"எந் தப்பைக் கண்டுபிடிச்சது அவிங்கதானே, அதுக்குத்தான்" என்றேன். அவருக்குப் பாதி புரிந்தது. மீதி மரியாதைக்குத் தலையாட்டினார்.

இன்றைக்கு மத்தியானம் திறந்தோம். பெரிய பிரேமுக்குள் வெள்ளை அட்டை நடுவே அந்தப் படம். கீழே உங்கள் பெயர், அதற்குக் கீழே 'வழக்கறிஞர்', அவ்வளவுதான். இரண்டு மீசைகளுக்கு நடுவில் ஒரு புளியமரம். பேச்செல்லாம் முடிந்து, காரா பூந்தியும் காபியும் தீர்ந்து, பெரியவர்கள் போய்விட்டார்கள். நான் வார்னிஷ் கையோடு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். இந்த வருசம்தான் கவுன் போட்ட ஒரு பெண், எருமப்பட்டிப் பக்கமாம், சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்து படத்துக்கு முன்னால் நின்றாள். உங்களை அவள் பார்த்ததே இல்லை. கதை எதுவும் அவளுக்குத் தெரியாது. கிட்டே போனாள், வட்டத்தைப் பார்த்தாள், அம்புக்குறியைப் பார்த்தாள், விரலால் காற்றில் கிழக்கு மேற்கு போட்டாள். பாத்திரத்தைத் திறக்கவேயில்லை. ரொம்ப நேரம் அப்படியே நின்றாள்.

அப்புறம் என் பக்கம் திரும்பி, கொஞ்சம் தயங்கி, "ஏனுங்க்கா, இதை வரைஞ்சவங்க சாயங்காலத்துலீங்களா போனாங்க?" என்று கேட்டாள்.

"ஆமாங் கண்ணு, சாயங்காலந்தான் போனேன்" என்று சொல்லி, பக்கத்தில் உட்காரவைத்து, அவள் பாத்திரத்தை நானே திறந்தேன்.

நீங்கள் ஒருத்தர் உற்றுப் பார்த்ததால்தான் இத்தனை காலம் நான் வரைந்தேன், எழுதினேன். பென்சிலை எடுக்கும்போதெல்லாம் "நேர்ல பாத்தியா?" என்று காதுக்குள் ஒரு குரல் இன்னும் கேட்கிறது. இந்தக் கடிதத்தையும் நீங்கள் விசாரிப்பீர்கள் என்று தெரியும். எல்லாம் நேரில் பார்த்ததுதான் அக்கா.

அந்தப் பெண்ணின் புளிச்சாதத்தில் உப்பு பத்தவில்லை. அதையும் அவளிடம் சொல்லிவிட்டேன்.

என்றைக்கும் உங்கள்,
எதிர்த்தரப்பு வக்கீல்